டர்பனிலிருந்து காமா கதிர் வெடிப்பு வேட்டை: ஃபெர்மி, ஸ்விஃப்ட் தரவுகள் நீண்ட காலப் பயன்பாட்டில் எப்படி?

வானில் திடீரெனச் சிறிது நேரம் பளிச்சிடும் காமா கதிர் வெடிப்புகளைப் பிடிக்கும் நாசா விண்கலங்கள் ஃபெர்மியும் ஸ்விஃப்டும். ஃபெர்மியின் முதல் அறிவிப்பை நம்பித் தொலைநோக்கியைத் திருப்பாதீர்கள். ஆனால் அதன் தரவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கருவிகளோடு பல ஆண்டுகள் புழங்கியபின் நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டர்பன் பக்கத்தில் சொந்தமாகப் பெரிய தொலைநோக்கி இல்லாதவருக்கு, ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு உண்மையான விண்வெளி ஆய்வு செய்ய இதைவிட நல்ல இலவசச் சொத்து கிடைக்காது.

முதலில் அறிவிப்புச் சேவை. வெடிப்புகளை உடனுக்குடன் அறிவிக்கும் நாசாவின் ஜிசிஎன் வலையமைப்பு 2022 முதல் காஃப்கா என்னும் செய்தியோடை மென்பொருள் வழியாகவும் செய்திகளை அனுப்புகிறது. கணக்குத் திறந்து, அடையாள எண்ணும் ரகசியச் சொல்லும் வாங்கி, பைத்தானில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். நம் ஊரில் தொல்லை தருவது மின்வெட்டு. குழுப் பெயர் கொடுக்காமல் இணைந்தால், மின்சாரம் போய்த் திரும்பும்போது சேவை உங்களைப் புது ஆளாகவே பார்க்கும். இடையில் வந்தவை கைக்கு வராது. நிலையான ஒரு குழுப் பெயரைக் கொடுத்து, படிக்கும் இடத்தை 'மிகப் பழையது' என்று அமைத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை ஓட்டும் ராஸ்பெரி பை சிறுகணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுப் பயனில்லை, ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள்.

ஒரே வெடிப்புக்கு, ஃபெர்மியில் வெடிப்புகளைக் கண்காணிக்கும் ஜிபிஎம் கருவி பல அறிவிப்புகளை அனுப்பும். சில நொடிகளில் வரும் முதல் செய்தியில் இடமே இருக்காது. அடுத்து விண்கலத்திலேயே கணித்த இடம், பிறகு தரையில் கணித்த இடம், கடைசியில் இறுதி இடம் என்று வரும். அந்த இறுதி இடத்தில்கூடப் புள்ளியியல் பிழைக்கு மேல் சில பாகை முறைப்பிழை உண்டு. சிறு பகுதி வெடிப்புகளில் அது பத்துப் பாகையையும் தாண்டும். முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அளவு புரியும். 'இது என்னவாக இருக்கலாம்' என்ற வகைப்பாட்டு விழுக்காட்டை இரண்டாவது, மூன்றாவது செய்தியில் பாருங்கள். சூரியத் தீப்பிழம்பு, மின்னலோடு வரும் மில்லிநொடிக் காமாத் துடிப்பு, விண்கலத்தைச் சூழும் துகள்கள் எல்லாமே கருவியின் எச்சரிக்கைத் தூண்டலைக் (டிரிகர்) கிளப்பும்.

தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியைக் கடக்கும்போது கருவி அணைந்துவிடும். மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. பூமியின் காந்தப்புலம் நலிந்த அந்தப் பகுதியின் கிழக்கு ஓரம் நம் நாட்டை எட்டுவதால்தான் ஹெர்மானஸ் காந்த ஆய்வகத்துக்கு இதில் அவ்வளவு அக்கறை.

இனிப் பகுப்பாய்வு. ஜிபிஎம்மில் 12 சோடியம் அயோடைடு டிடெக்டர்களும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் டிடெக்டர்களும் இருக்கின்றன. முன்னவை 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் 1 மெகா வரை, பின்னவை 200 கிலோ முதல் 40 மெகா வரை. மூன்று வகைக் கோப்புகளில் டிடிஇதான் பொன். ஒவ்வொரு ஃபோட்டானையும் 2 மைக்ரோநொடித் துல்லியத்தில், 128 ஆற்றல் தடங்களில் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். வேண்டிய கால அளவில் நீங்களே தொகுத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் 14 டிடெக்டர்களையும் கூட்டிவிடுவார்கள். வெடிப்பைப் பார்க்காதவை வெறும் இரைச்சலைத்தான் சேர்க்கும். வெடிப்புத் திசைக்கு 60 பாகைக்குள் முகம் காட்டும் இரண்டு மூன்று போதும், அத்துடன் அந்தப் பக்கத்து பிஸ்மத் ஒன்று. 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் அயோடின் விளிம்பு இருப்பதால் 30 முதல் 40 வரையிலான தடங்களை நிறமாலைப் பொருத்தத்திலிருந்து நீக்கிவிடுங்கள். பொருத்தம் எவ்வளவு நல்லது என்று அளக்க கை-வர்க்கம் (chi-squared) வேண்டாம். குறைந்த எண்ணிக்கையில் அது ஏமாற்றும், பிஜி-ஸ்டாட் (PG-stat) என்ற அளவை எடுங்கள்.

பெரும்பாலான தவறுகள் நடப்பது பின்னணியில். வெடிப்புக்கு முன்னும் பின்னும் அமைதியான பகுதிகளைத் தேர்ந்து, முதல் அல்லது இரண்டாம் படிப் பல்லுறுப்புக்கோவை போட்டால் குறுகிய வெடிப்புக்குப் போதும். மூன்றாம், நான்காம் படிக்கு ஏறினால் கோடு அழகாகத்தான் பொருந்தும்; வெடிப்பின் மெலிந்த வாலையும் சேர்த்து விழுங்கிவிடும். சில நூறு நொடி நீளும் வெடிப்புக்கு இந்த முறையே சரிவராது, ஏனென்றால் விண்கலம் ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும்போது பின்னணி ஏறி இறங்கும். அதற்கு 30 சுற்றுகளுக்கு முன்னும் பின்னும், விண்கலம் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தபோது எடுத்த தரவைப் பின்னணியாக வைப்பதே நல்லது. இத்தகைய நீண்ட வெடிப்பில் விண்கலமும் திரும்பிக்கொண்டிருக்கும். டிடெக்டர் எந்த ஆற்றலை எப்படிப் பதிவுசெய்யும் என்று சொல்லும் மறுமொழிக் கோப்பில், ஒற்றையை விட்டுப் பல கால அடுக்குகள் உள்ளதை எடுங்கள்.

பழகுவதற்கு 2017 ஆகஸ்ட் 17 வெடிப்பைப் பரிந்துரைக்கிறோம். ஈர்ப்பலைக்கு 1.7 நொடி பின்னால் வந்த புகழ்பெற்றது அது. எல்லா ஆற்றலையும் 64 மில்லிநொடிக் கட்டங்களில் வரைந்தால் 'இதற்கா இவ்வளவு ஆரவாரம்' என்று தோன்றும். 1, 2, 5 ஆம் டிடெக்டர்களைக் கூட்டி, 50 முதல் 300 கிலோ வரை வெட்டி, கட்டத்தை 256 மில்லிநொடிக்கு அகட்டுங்கள். அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான கூர்மையான துடிப்பு எழும்பி நிற்கும். பிறகு 50 கிலோவுக்குக் கீழே மட்டும் வரையுங்கள். அதன் பின்னால் மென்மையான வால் ஒன்று தலைகாட்டும். ஆற்றல் வெட்டு என்பதன் பலன் இந்த இரண்டு வரைபடங்களிலேயே விளங்கிவிடும்.

எதிர்முனையில் 2022 அக்டோபர் 9 வெடிப்பு. அவ்வளவு வெளிச்சத்தில் கருவியே திணறியது. மொத்தம் நொடிக்கு மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் எண்ணிக்கை போனால் டிடிஇ தரவு வழியிலேயே கொட்டிப்போகும். அதற்கும் மேலே துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிறமாலையின் வடிவத்தையே திரித்துவிடும். தூண்டலிலிருந்து 219 முதல் 277 நொடி வரையும், 508 முதல் 514 நொடி வரையும் உள்ளதை அப்படியே பொருத்தினால் வரும் விடைக்குப் பொருளில்லை.

அதே வெடிப்பில் ஸ்விஃப்டின் குணமும் தெரிந்தது. அப்போது பூமி மறைத்ததால் ஸ்விஃப்டுக்குத் தூண்டல் வந்தது 53 நிமிடம் கழித்து, வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் பின்னொளிர்வில்தான். நம் பால்வெளிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்றே முதலில் பெயரிட்டார்கள். ஆனாலும் இடத்துக்கு ஸ்விஃப்டை மிஞ்ச ஆளில்லை. அதன் பாட் கருவி சில கலைக்குள்ளும் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), எக்ஸ்ஆர்டி என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சில விகலைக்குள்ளும் (கலையில் அறுபதில் ஒரு பங்கு) சுட்டும். லெஸ்டர் பல்கலைக்கழகம் தானாக வெளியிடும் எக்ஸ் கதிர் ஒளிவளைவு பெரும்பாலும் அப்படியே எடுத்தாளும் தரத்தில் இருக்கும். அதில் தெரியும் இடைவெளிகள் பூமி மறைப்பால் வருபவை. சரிவு என்று எண்ணி அங்கே முறிவுப் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

மென்பொருளில், காமா கதிர்த் தரவுக்கான இப்போதைய ஜிடிடி பைத்தான் தொகுப்பு பழைய ஆர்எம்ஃபிட்டைவிட எவ்வளவோ மேல், ஐடிஎல் என்னும் கட்டண மென்பொருளின் உரிமமும் தேவையில்லை. நிறமாலை பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் நிரல் வேண்டுமானால் நாசாவின் ஹீசாஃப்ட் தொகுப்பை நிறுவ வேண்டும். விண்டோஸில் அதற்கு லினக்ஸ் துணைத்தளம் அவசியம். தொகுக்கும்போது பைத்தான் பதிப்பு இடித்தால் கொண்டாவில் வரும் தொகுப்புக்கு மாறிவிடுங்கள், மல்லுக்கட்டுவது வீண்.

கோப்புப் பெயரில் ஒரு பொறி உண்டு. ஃபெர்மி வெடிப்பின் பெயரில் தேதியும் நாளின் ஆயிரத்தில் எத்தனையாவது பங்கு என்பதும் இருக்கும்: 170817529 என்றால் 0.529 நாள், அதாவது உலக நேரம் 12:41. நமக்கு இரண்டு மணி நேரம் கூட்ட வேண்டும். உலக நேரம் இரவு 10 மணிக்குப் பிறகு வந்தவை டர்பனில் மறுநாள் ஆகிவிடும். அப்புறம் தவறான கோப்புறையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பின்னொளிர்வைத் தொலைநோக்கியில் பிடிக்க நினைப்பவர் முதலில் அதன் சாய்வைப் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே +, தெற்கே − என்று அளக்கும் கோணம்) பார்க்கட்டும். டர்பனிலிருந்து +60 பாகைக்கு வடக்கே உள்ளது அடிவானத்தையே தாண்டாது. 2022 வெடிப்பு +20 பாகை. அந்தி சாயும்போது வடக்கே 40 பாகை உயரத்தில் நின்றது, ஆனால் அன்று முழுநிலவு. சதர்லாந்தின் சால்ட் தொலைநோக்கிக்கோ அதுவும் எட்டாது. அதன் கண்ணாடி ஒரே உயரக் கோணத்தில் நிலைத்திருப்பதால் ஏறக்குறைய +10 முதல் −75 பாகை வரைதான் அதன் வானம்.