கொழும்பில் எழுதிச் சம்பாதிப்பவர்களுக்கு: பணம் வரும் வழிகள், நீண்டகாலப் பாவனை அனுபவம்

எழுத்தும் மொழிபெயர்ப்பும் சுயாதீனமாகச் செய்பவர்களுக்குக் கொழும்பில் பெரும்பாலும் நாலு வழியில் பணம் வருகிறது: காசோலை, உள்ளூர் வங்கி மாற்று, வெளிநாட்டு வங்கியிலிருந்து வரும் ஸ்விஃப்ட் மாற்று, பேயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவை. எந்த வழியில் தருவார்கள் என்பதை வேலையை ஏற்கும் மின்னஞ்சலிலேயே எழுதி உறுதிப்படுத்திவிடுங்கள். கட்டுரை கைமாறிய பிறகு அதைப் பேச உங்களிடம் பிடி இருக்காது.

காசோலையில் பிழை வருவது பெயரில்தான். ஆசிரியருக்கு உங்களைப் புனைபெயரில்தான் தெரியும். கணக்குப் பிரிவும் கட்டுரையின் கீழுள்ள பெயரைப் பார்த்துக் காசோலை எழுதிவிடும். “பெறுநர் கணக்குக்கு மட்டும்” என்று குறுக்குக்கோடிட்ட காசோலையை வேறு பெயரிலுள்ள கணக்கில் வங்கி போடாது. திருத்தி வாங்க மறுபடியும் இரண்டு கையொப்பம், இன்னொரு மாதம். வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரை, முதலெழுத்து உட்பட, அப்படியே ஆங்கிலத்தில் கொடுங்கள். திகதியிட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் காசோலை செல்லும் என்பதால் மேசை இலாச்சியில் போட்டு வைக்க வேண்டாம்.

உள்ளூர் மாற்றுத்தான் நாலிலும் நல்லது. வங்கிக்கு வங்கி இணையவழியில் பணம் மாற்றும் சிஃப்ட்ஸ் (CEFTS) முறையில் உடனே வந்து சேரும். கணக்கிலக்கத்தோடு நாலு இலக்க வங்கிக் குறியீட்டையும் (இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135), மூன்று இலக்கக் கிளைக் குறியீட்டையும் கொடுங்கள். எல்லாவற்றையும் எழுத்தாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அங்கே ஒருவர் பார்த்துத் தட்டுவார், ஒரு இலக்கம் மாறினால் பணத்தைத் தேடி அலைய வேண்டும்.

ஸ்விஃப்ட் பெரிய தொகைக்கு மட்டும். வழியில் இடை வங்கி கழித்துக்கொள்ளும், இங்குள்ள வங்கியும் தன் பங்கை எடுக்கும். ஐம்பது டொலர் பில்லுக்கு இந்த வழி கட்டாது. மூன்று நாலு வேலையைச் சேர்த்து ஒரே தடவையாகக் கேளுங்கள். கட்டணம் முழுவதும் அனுப்புநரையே சாரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். ஐரோப்பிய வாடிக்கையாளரின் படிவம் ஐபான் (IBAN) என்ற சர்வதேச வங்கிக் கணக்கிலக்கம் கேட்டு அடம்பிடிக்கும். இலங்கையில் ஐபான் பாவனையில் இல்லை என்றும், ஸ்விஃப்ட் குறியீடும் கணக்கிலக்கமும் போதும் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு வாரம் மிச்சம். பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும்போது காட்ட இன்வொய்ஸ் பிரதி கையில் இருக்கட்டும். டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கைத் திறந்துகொள்ளலாம்.

சிறு தொகைகள் அடிக்கடி வருமானால் பேயோனியர் வசதி. ஆனால் மாற்று விகிதத்தில் கொஞ்சம் போகும். பேயோனியரில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் பொருந்தாவிட்டால் பணம் எடுப்பது நின்றுவிடும். தகப்பன் பெயர் முன்னா பின்னா என்ற குழப்பம் நம்மவர்களுக்கு எப்போதும் இருப்பதால், கணக்கைத் திறக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வழி சரியாக இருந்தும் பணம் குறைவது பெரும்பாலும் சொற்கணக்கில். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும்போது வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 1000 சொல் இருந்த அறிக்கை தமிழில் ஏறத்தாழ 750 ஆகச் சுருங்கும். உதாரணத்துக்குச் சொல்லுக்கு 6 ரூபா என்றால், மூலத்தை எண்ணினால் 6000 ரூபா, தமிழை எண்ணினால் 4500 ரூபா. வேலை ஒன்றுதான். “மூலப் பிரதியின் சொற்கணக்கு” என்று விலைமனுவில் எழுதாமல் ஒருபோதும் தொடங்க வேண்டாம்.

அடுத்தது எழுத்துரு. ஒப்படைப்பு யுனிகோடில் என்று எழுதிவையுங்கள். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கேட்பார்கள். பாமினி ஆங்கில விசைகளிலேயே தமிழை ஏற்றி வைத்திருப்பதால், பாமினிப் பிரதியை யுனிகோடுக்குத் திருப்பும்போது இடையிலுள்ள நிறுவனச் சுருக்கப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். அதைச் சரிபார்ப்பது தனி வேலை, தனிக் கட்டணம். அச்சுக்கு முன் பிடிஎஃப் ஒரு தடவை உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

தொண்டு நிறுவனங்களில் தாமதத்துக்குக் காரணம் பொதுவாகக் காகிதம். வேலை தந்த அலுவலருக்கு உங்களைத் தெரியும், நிதிப் பிரிவுக்குத் தெரியாது. முதல் வேலைக்கு முன்பே விநியோகத்தர் பதிவுப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். கொள்வனவுக் கட்டளை இலக்கம் இல்லாத இன்வொய்ஸ் அங்கே நகராது. “ஒப்படைத்து 30 நாளில்” என்று திகதியோடு எழுதுங்கள். புதிய வாடிக்கையாளரிடம் பாதியை முற்பணமாகக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், உழைப்பு உங்களுடையது.

வரியை ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வருமான வரியின் உச்ச வீதம் 15 சதவீதம். தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமானம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. உள்ளூர் நிறுவனம் உங்கள் கட்டணத்தில் 5 சதவீதத்தை வரியாகப் பிடித்துவைத்தால் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள், நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு கொடுக்கும்போது கட்ட வேண்டிய வரியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

முப்பது நாள் தாண்டினால் ஆசிரியரை விட்டுக் கணக்குப் பிரிவுக்கு நேரே எழுதுங்கள். பிறகு பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம். அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், இன்வொய்ஸ், ஒப்படைத்த திகதி ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் வேண்டும். வட்ஸ்அப்பில் குரல் பதிவாக மட்டும் பேசி முடித்த வேலைக்கு அந்தக் கோப்பை உருவாக்கவே முடியாது. ஆகவே தொலைபேசியில் பேசியதை அன்று மாலையே நாலு வரி மின்னஞ்சலாக அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.