எச் டிரைவிலிருந்து ஒன்டிரைவுக்கு: மைக்ரேஷன் மேனேஜர் குறித்து ஒரு நிர்வாகியின் மதிப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் நிறுவனத்தில், 600-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பணிக்கோப்புகள் அனைத்தும் தரைத்தளத்தில் இருந்த ஒரு சர்வரில், 'எச் டிரைவ்' என்ற பெயரில் இருந்தன. 2015 வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், அந்த அறை வாசலில் தண்ணீர் ஏறுகிறதா என்று இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே, கோப்புகளை மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்கு மாற்றலாம் என்று நிர்வாகம் சொன்னபோது நான் மறுபேச்சு பேசவில்லை.

அதற்காக நாங்கள் பயன்படுத்திய கருவி மைக்ரோசாஃப்டின் மைக்ரேஷன் மேனேஜர். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உள்ளவர்கள் இதற்குத் தனிக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சில கணினிகளில், நகலெடுக்கும் வேலையைச் செய்யும் ஏஜென்ட் மென்பொருளை நிறுவி, எந்தக் கோப்புறை எந்த ஊழியரின் கணக்குக்குப் போக வேண்டும் என்பதை ஒரு சிஎஸ்வி கோப்பில் (எளிய அட்டவணைக் கோப்பு) கொடுத்துவிட்டால், வேலையை ஏஜென்ட்களுக்கு அதுவே பிரித்துக் கொடுக்கிறது. முதல் நகலுக்குப் பிறகு, மாறிய கோப்புகளை மட்டும் மீண்டும் எடுத்துச்செல்லும் வசதிதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் ஊழியர்களின் வேலையை ஒருநாள்கூட நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் 10 டெராபைட்டை ஏற்ற, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். அலுவலக நேரத்தில் மைக்ரோசாஃப்டின் சேவையே வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதால், இரவுகளையும் வார இறுதிகளையும் ஒதுக்கி வைப்பது அவசியம்.

உண்மையான சிக்கல் கோப்புப் பெயர்களில்தான் இருந்தது. ஒன்டிரைவில் கோப்புறைகளும் பெயரும் சேர்ந்த முழுப்பாதை 400 குறியீடுகளை (கேரக்டர்களை) தாண்டக்கூடாது. தாண்டுபவற்றை, நகலெடுக்கும் முன் கோப்புகளைச் சோதித்து இக்கருவி தரும் ஸ்கேன் அறிக்கை தெளிவாகப் பட்டியலிட்டுவிடுகிறது. ஆனால் எக்செல் 218 குறியீடுகளுக்கு மேற்பட்ட பாதையைத் திறக்காது. முன்பு 'H:\' என மூன்றே குறியீடுகளில் முடிந்த டிரைவ் பெயர் இருந்த இடத்தில், இப்போது ஊழியரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த நீண்ட முகவரி வந்து அமர்ந்துகொள்கிறது. அதனால் பிழையின்றிப் போய்ச் சேர்ந்த கோப்பு, ஊழியரின் கணினியில் திறக்க மறுத்தது. தமிழில் பெயரிடுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேர்கிறது, ஏனெனில் கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் 'கொள்முதல்' என்ற சொல், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒன்பது குறியீடுகள். எங்கள் கொள்முதல் பிரிவினர் ஆண்டு, மாதம், வழங்குநர் என ஒழுங்காகத் தமிழிலேயே கோப்புறைகளை அமைத்திருந்தார்கள். அவ்வளவு அக்கறையுடன் வேலை செய்தவர்களே அதிகம் அவதிப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அனுமதிகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பழைய சர்வரில் ஒருவருக்கு 'டினை' (Deny, அனுமதி மறுப்பு) என்று போட்டுத் தடுத்திருந்தால், அந்தத் தடை புதிய இடத்துக்கு வராது. மேல் கோப்புறையைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தால், உள்ளே இருப்பதையும் பார்த்துவிடலாம். மனிதவளப் பிரிவின் கோப்புறைகளை மாற்றுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்தோம். இந்த எச்சரிக்கை உதவிப் பக்கங்களில் இருந்தால் போதாது, பணியைத் தொடங்கும் திரையிலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் இப்பணியை ஏற்ற ஓர் ஆலோசனை நிறுவனம், ஊழியர்களின் ஒன்டிரைவ் கணக்குகளை முன்கூட்டியே உருவாக்காமல் ஆரம்பித்து ஒரு வாரத்தை வீணாக்கியது. ஒருமுறைகூட உள்நுழையாத ஊழியருக்குச் சேமிப்பிடமே இருக்காது. நிர்வாகிகள் கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பவர்ஷெல் கருவியில் ஒரு கட்டளையால் ஒரு தடவைக்கு 200 பேர் வரை அதை உருவாக்கி வைத்துவிடலாம்.

இவ்வளவையும் மீறி, விண்டோஸ் சர்வரில் கோப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்கள், வேறு கருவியை விலைகொடுத்து வாங்கும் முன் இதையே முயன்று பார்க்க வேண்டும் என்பேன். ஸ்கேனுக்கும் பெயர்களைச் சீர்செய்வதற்கும், நகலெடுப்பதைவிட அதிக நாட்களை ஒதுக்குங்கள். பலர் ஒரே நேரத்தில் திறந்து எழுதும் டேலி கணக்குத் தரவையும் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்புகளையும் இதில் ஏற்ற வேண்டாம். எங்கள் டேலி இன்றும் உள்ளூர் சர்வரில்தான் இயங்குகிறது. அந்த ஒரு சர்வரை மட்டும் இரண்டாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறோம்.