கொலோசியம் டிக்கெட்டுன்னு 260 யூரோ போச்சு, ரோம் போறவங்க தயவுசெஞ்சு படிச்சுட்டு போங்க

ரோம்ல இருந்து வந்து நாலு நாள்தான் ஆகுது, பெட்டி கூட முழுசா பிரிக்கல, ஆனா இப்பவே எழுதலன்னா கோவம் ஆறிடும், ஆறிட்டா நான் எழுதவே மாட்டேன். போனது 260 யூரோ. நம்ம காசுக்கு 26,000 ரூபா பக்கம். பிக்பாக்கெட் எல்லாம் இல்லங்க, ரோம்ல பிக்பாக்கெட் ஜாஸ்தின்னு ஆளாளுக்கு பயமுறுத்துனதுல பாஸ்போர்ட்ட பனியனுக்குள்ள கட்டிக்கிட்டு திரிஞ்சவன் நான். இது நானா வீட்ல உக்காந்து, காபி குடிச்சிக்கிட்டே கார்டு நம்பர் அடிச்சு குடுத்த காசு.

எங்கப்பா ரிட்டயர்ட் ஹிஸ்டரி வாத்தியார், கரூர்ல. அமராவதி ஆத்து மணல்ல ரோமானிய காசு கெடச்ச ஊரு அது, அத சொல்லி சொல்லியே முப்பது வருஷம் பாடம் எடுத்தவரு. "அந்த காசு எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாம் கண்ணு"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாரு. முட்டி வலி, 71 வயசு, இந்த வருஷம் விட்டா முடியாதுன்னுதான் கெளம்புனோம். நான், மனைவி, அப்பா, 11 வயசு பாப்பா. பிளைட்டு ஹோட்டல் எல்லாம் நானே புக் பண்ணேன், ஏஜென்ட்கிட்ட போனா ஏமாத்துவாங்கன்னு. சிரிச்சுக்கோங்க.

கொலோசியத்தோட அரசாங்க சைட்டுல 30 நாள் முன்னாடிதான் டிக்கெட் தொறப்பாங்க, தொறந்ததும் சீசன்ல சீக்கிரமே காலியாயிடும். இது எனக்கு தெரியாது. நான் பாத்தது 12 நாள் முன்னாடி, எங்க தேதியில ஒண்ணு கூட இல்ல. அப்பா பக்கத்துல உக்காந்து "என்ன ஆச்சு, கெடச்சுதா"ன்னு கேக்குறாரு. சரின்னு தேடுனேன், மொதல்ல வந்த சைட்ட தொறந்தேன், அது விளம்பரம்னு சின்னதா போட்டிருந்தத நான் கவனிக்கல. பேரு அச்சு அசலா அரசாங்க சைட்டு மாதிரியே. அதே படம், ஏகப்பட்ட ஸ்டார், "வரிசையில நிக்க வேண்டாம், கைடு கூட வருவார்", மேல சிவப்புல "இன்னும் 5 டிக்கெட் மட்டுமே"ன்னு ஓடிக்கிட்டு இருக்கு. ஆளுக்கு 65 யூரோ. பாப்பாவுக்கும் 65.

இங்கதான் நான் கவுந்தேன். உடனே கட்டிடல, அவ்ளோ முட்டாள் இல்ல. வாட்ஸ்அப் நம்பர் இருந்துச்சு, கேட்டேன், அப்பாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது, படி ஏற முடியாதுன்னு. ரெண்டே நிமிஷத்துல பதில். உள்ள லிஃப்ட் இருக்கு, எங்க கைடு உங்கப்பாவ சொந்த அப்பா மாதிரி பாத்துக்குவாங்கன்னு கைகூப்புற பொம்மையோட. லிஃப்ட் இருக்கறது நிஜம்தான், செக் பண்ணேன். ஒரு உண்மைய சொன்னதால மத்ததும் உண்மைன்னு நம்பிட்டேன். ஃபார்ம்ல என் பேரு, மெயில், போன் நம்பர் மட்டும்தான் கேட்டாங்க. மனைவிகிட்ட கூட சொன்னேன், "பாரு எவ்ளோ ஈஸியா இருக்கு, அரசாங்க சைட்டுல நாலு பேர் பேரும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே கேக்கறான்"னு. அந்த வாய இப்ப நானே அடிச்சுக்கறேன். 260 யூரோ கட்டி முடிச்சு, அப்பாகிட்ட போய் "கெடச்சிருச்சுப்பா"ன்னேன், அவரு அன்னைக்கே டைரில எழுதி வச்சிக்கிட்டாரு.

வந்தது டிக்கெட் இல்ல, வவுச்சர். காலைல 9.15க்கு கொலோசியோ மெட்ரோ வாசல்ல ஆரஞ்சு குடைய பாருங்கன்னு இருந்துச்சு. ரோமோட பெரிய ரயில் ஸ்டேஷன் டெர்மினில இருந்து மெட்ரோல ரெண்டே ஸ்டேஷன், 8.50க்கே நின்னோம். வெளிய வந்ததும் நேரா எதுத்தாப்ல கொலோசியம், அப்பா அப்படியே நின்னுட்டாரு. மஞ்ச குடை, பச்ச குடை, கொடி, குச்சில கட்டுன கைக்குட்டை எல்லாம் இருக்கு, ஆரஞ்சு இல்ல. வாட்ஸ்அப்ல "10 நிமிஷம் சார்". மறுபடி "10 நிமிஷம் சார்". 10.05க்கு ஒரு பொண்ணு குடையோட ஓடி வந்துச்சு, எங்கள மாதிரி இருபது பேர சேத்துச்சு, காதுல மாட்டற மெஷின குடுத்துச்சு, வெயில்ல நடத்தி கூட்டிட்டு போச்சு. கேட்ல செக்யூரிட்டி பாஸ்போர்ட் கேட்டாரு. எங்களுக்குன்னு அந்த பொண்ணு காட்டுன டிக்கெட்ல இருந்த நாலு பேரும் யாரு எவருன்னே தெரியல, எங்க பேரு ஒண்ணு கூட இல்ல. அவரு உள்ள விட முடியாதுன்னு தலைய ஆட்டிட்டார். அவர் மேல தப்பே இல்ல, 2023 அக்டோபர்ல இருந்து அங்க டிக்கெட்ல பேரு கட்டாயம், கள்ள வியாபாரத்த நிறுத்தத்தான் அத கொண்டு வந்ததே. என் பேர தவிர வேற பேரே கேக்காதவன் நாலு பேருக்கு எப்படிய்யா டிக்கெட் எடுத்திருப்பான்? அந்த பொண்ணு "ஆபீஸ்ல பேசிட்டு வரேன்"னு காதுல போன வச்சிக்கிட்டு நகந்துச்சு. அவ்ளோதான். காது மெஷின் இன்னும் எங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கு, ஒரு மெஷின் 65 யூரோ.

ஒன்றரை மணி நேரம் அங்கயே நின்னோம். அப்பா ஒரு வார்த்தை சொல்லல. வெளி செவத்துல வளைவுக்கு மேல ரோமன் எண் செதுக்கியிருக்கும், அத பாப்பாவுக்கு காட்டி, இது 52ன்னு படிக்க சொல்லி குடுத்துக்கிட்டு இருந்தாரு. கி.பி. 80ல தொறந்த கட்டடம், அம்பதாயிரம் பேரு, யாரு எந்த வாசல்னு நம்பர் போட்டு ஒழுங்கா உள்ள விட்டிருக்கான் பாருன்னாரு. எனக்கு தொண்டைய அடைச்சுக்கிச்சு. அதே டிக்கெட்லதான் பக்கத்துல இருக்கற ஃபோரமும் (பழைய ரோமோட நடு மையம், இப்ப இடிபாடு) பாலடைன் குன்றும் வரும், அதுவும் போச்சு, ஃபோரத்த ரோட்டு ஓர கம்பிய புடிச்சிக்கிட்டு மேல இருந்து பாத்தாரு. மறுநாள் பாந்தியன்னு பழைய ரோமானிய கோயிலுக்கு போனோம், 5 யூரோ, ஒரு வம்பும் இல்ல. அத கூட சந்தோஷமா பாக்க முடியல என்னால.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. வாட்ஸ்அப்ல கேட்டா நீங்க லேட்டா வந்தீங்கன்னான். 8.50க்கு எடுத்த போட்டோ அனுப்புனேன், ப்ளூ டிக், பதில் இல்ல. மெயில் போட்டா 14 வேலை நாள். திரும்ப போட்டா, விதிமுறைய படிங்க, வவுச்சர் என்பது நுழைவு டிக்கெட் அல்ல, எங்க கைடு வந்து காது மெஷினும் குடுத்துட்டாங்க, சேவை வழங்கப்பட்டதுன்னு. சொந்த அப்பா மாதிரின்னு சொன்னவன் இப்ப "டியர் கஸ்டமர்"ங்கறான். நடுவுல பயணம் எப்படி இருந்துச்சு, ஸ்டார் குடுங்கன்னு வேற ஒரு மெயில். கார்டுல போன காச திரும்ப கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், மெர்ச்சன்ட் (காச வாங்குனவன்) பதில் சொல்ல டைம் இருக்கு சார், வெயிட் பண்ணுங்கன்னு அந்தப்பக்கம் பாட்டு போடறாங்க.

வயித்தெரிச்சல் என்னன்னா, நாங்க போனப்ப அரசாங்க விலை ஆளுக்கு 18 யூரோ. 18 வயசுக்கு கீழ பசங்களுக்கு இலவசம். அதாவது எங்க நாலு பேருக்கு 54 யூரோ. நான் குடுத்தது 260, அதுலயும் உள்ளயே போகல.

என்னென்ன பாத்து புக் பண்ணணும்னு விவரமா எழுதறேன்னு ஆபீஸ் குரூப்ல சொல்லியிருந்தேன், இப்ப அதுக்கு பொறுமை இல்ல. தேடுனா மொதல்ல வர்ற விளம்பரத்த தொடாதீங்க. எல்லாரோட பேரையும் கேக்காம டிக்கெட் விக்கறவன்கிட்ட வாங்காதீங்க. 30 நாள் முன்னாடி அலாரம் வச்சு அரசாங்க சைட்டுல உக்காருங்க, கெடைக்கலன்னா வெளிய இருந்து பாத்துட்டு வாங்க, வெளிய இருந்து பாக்க காசு இல்ல.

இங்க யாராச்சும் இந்த மாதிரி கேஸ்ல பேங்க் டிஸ்ப்யூட்ல காச திரும்ப வாங்கியிருக்கீங்களா? ஃபார்ம்ல "சேவை கிடைக்கவில்லை"ன்னு போடணுமா, "சொன்னபடி இல்லை"ன்னு போடணுமா? நான் மொதல்ல சொன்னத போட்டிருக்கேன், மாத்தணும்னா நாளைக்குள்ள மாத்தணுமாம்.