கெனன் 1300டியும் உச்சி வானமும்

மட்டக்களப்பில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருவர் புதிய கமராவுக்கு மாறியபோது விற்ற கெனன் ஈஓஎஸ் 1300டியை, ஒரு நடுத்தரக் கைத்தொலைபேசியின் விலையிலும் குறைவாக வாங்கி, இரண்டு கச்சான் (தென்மேற்குக் காற்று) பருவங்களிலும் இடையில் வந்த ஒரு மாரியிலும் இரவு வானத்தை எடுப்பதற்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். 2016இல் வெளிவந்த, 18 மெகாபிக்சல் உணரி (சென்சர்) கொண்ட இந்தக் கமராவைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தையும் முகங்களையும் வைத்தே எழுதப்பட்டவை. விண்மீன்களுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. அப்போது கமராவின் உடலைவிட அதன் முன்னால் பூட்டும் வில்லையே (லென்ஸ்) முக்கியமாகிறது.

கமராவோடு சேர்ந்து வரும் 18-55 மில்லிமீற்றர் வில்லையை 18இல் வைத்தால் அதன் துளை அதிகபட்சம் எஃப் 3.5 வரைதான் திறக்கும். குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாசலின் விட்டம் 5 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும். இருட்டுக்குப் பழகிய இளைஞர் ஒருவரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் விரியக்கூடியது என்பதை நினைத்தால், நம் கண்ணிலும் சிறிய துளை வழியாகப் பால்வீதியைப் பிடிக்க முயல்கிறோம் என்பது விளங்கும். கமராவால் ஒளியைப் பல செக்கன்கள் சேர்த்து வைக்க முடிகிறது என்பதால்தான் படம் கிடைக்கிறது. பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால், வாகரைக் கடற்கரையில் ஓர் ஆனி அமாவாசை நள்ளிரவில், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200இல் வைத்து 15 செக்கன் திறந்து எடுத்த படத்தில் விருச்சிகத்தின் கொக்கியும் அதனருகே பால்வீதியின் நடுப்பகுதியும் தெரிந்தன. அகலக் காட்சிக்கு அது போதும். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்களில் விண்மீன்கள் சிறகு முளைத்தவை போல இழுபட்டிருக்கும்.

எனவே முதலில் மிச்சம் பிடிக்கும் பணத்தைப் புதிய கமராவில் போடாமல், 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 எஸ்டிஎம் வில்லையில் போடுவதே என் பரிந்துரை. முழுத் துளையில் ஓரங்கள் கெடுகின்றன, எஃப் 2.8க்குக் குறைத்தால் விண்மீன்கள் புள்ளிகளாகச் சுருங்குகின்றன. அந்த நிலையிலும் ஒளிவாசலின் விட்டம் 18 மில்லிமீற்றரை நெருங்குவதால், ஒரு செக்கனில் ஒவ்வொரு விண்மீனிலிருந்தும் பழைய வில்லை சேர்ப்பதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு ஒளி சேர்கிறது. ஓரையன் வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டம், திருவாதிரை விண்மீனிலிருந்து மறுமுனையிலுள்ள ரைகல் வரை, ஒரே சட்டத்துக்குள் தாராளமாக அடங்குகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. பூமி சுழல்வதால், வான நடுக்கோட்டில் உள்ள விண்மீன் ஒவ்வொரு செக்கனும் 15 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) நகர்கிறது. 500ஐக் குவியத்தூரத்தாலும் இந்தச் சிறிய உணரிக்குரிய 1.6 என்ற காரணியாலும் வகுத்து, விண்மீன் கோடாகாமல் எவ்வளவு நேரம் திறக்கலாம் என்று சொல்லும் பழைய விதி, 50 மில்லிமீற்றருக்கு 6 செக்கன் தருகிறது. ஆனால் 18 மெகாபிக்சல் படத்தில் அதுவே ஐந்து பிக்சல் நீளக் கோடாகிவிடும். நான் 3 செக்கனைத் தாண்டுவதில்லை. தென்சிலுவை போன்றவை துருவத்துக்கு நெருக்கமாக, வான நடுக்கோட்டுக்கு 60 பாகைத் தெற்கில் இருப்பதால் பாதி வேகத்திலேயே நகர்கின்றன. அவற்றுக்கு 6 செக்கன் கொடுக்கலாம். ஆனால் தென்சிலுவையின் நடுப்பகுதி நமக்கு 22 பாகையளவுக்கு மேல் உயர்வதேயில்லை. கல்லடிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடி, கல்முனை ஆகிய ஊர்களின் வெளிச்சம் அந்த உயரத்தை மூடிவிடுகிறது. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் பூரணையைத் தேடுவது போல நாம் அமாவாசையைத் தேடினாலும், நகர விளக்குக்கு அமாவாசை கிடையாது.

கமராவின் பெரிய குறை, நான் படித்த மதிப்பீடுகளில் ஒரு வரியில் கடந்துபோகப்பட்டது: பின்பக்கத் திரை அசையாது. ஐரோப்பாவில் இருப்பவருக்கு ஓரையன் தென்வானில் பாதி உயரத்தில் நிற்பதால் இது பெரிய சங்கடமாகத் தோன்றாது. மட்டக்களப்பு 7.7 பாகை வடக்கில் இருக்கிறது. மாசி மாத இரவு எட்டு மணிக்கு ஓரையன் கிட்டத்தட்ட நம் உச்சிக்கே வந்துவிடுகிறான். கமரா மேலே பார்க்க, திரை மண்ணைப் பார்க்கிறது. வில்லையின் குவியத்தைச் சரிசெய்ய, பிரகாசமான ஒரு விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு வில்லைகளிலும் தூர அளவுக்கோடு இல்லாததால் வேறு வழியும் இல்லை. நான் பாயை விரித்து முக்காலிக்குக் கீழே மல்லாந்து படுத்துத்தான் அதைச் செய்கிறேன். தாழ்வான வானத்தில் நிற்கும் வேறொரு விண்மீனில் குவியத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கமராவை மேலே திருப்புவது இதைவிட நல்ல தந்திரம். ஆனால் எஸ்டிஎம் வில்லையின் வளையம் மோட்டார் வழியாக இயங்குவதால் இடையில் கமராவை அணைத்துவிடக் கூடாது.

உணரியைப் பற்றிச் சொல்வதானால், அது பழைய தலைமுறை. நிழல்களை வெளிச்சமாக்கினால் கோடுகள் தலைகாட்டுகின்றன. இரவிலும் பெரிதாகத் தணியாத நம் வெப்பத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகளும் தோன்றுகின்றன. ஒரே படத்தை நம்பாமல் ஐஎஸ்ஓ 1600இல், ரோ (உணரியின் தரவை அப்படியே சேமிக்கும்) வடிவில் நூறு படங்கள் எடுத்து, டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தின் இரைச்சல் (தாறுமாறான புள்ளிகள்) பத்தில் ஒன்றாகக் குறைகிறது. நெடுநேரப் படத்துக்கான இரைச்சல் நீக்கத்தைக் கமராவில் நிறுத்திவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரத்தை விழுங்கும். அதற்குப் பதிலாக, கடைசியில் வில்லையை மூடி இருபது இருட்டுப் படங்கள் எடுத்தால் அதே வேலை நடக்கும். இப்படி அடுக்கிய ஓரையன் வாள்பகுதியில், 1,300 ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள நெபுலா (வாயு முகில்) மங்கலான இளஞ்சிவப்பாக வந்தது. ஐதரசனின் ஆழ்ந்த சிவப்பை உணரியின் முன்னுள்ள வடிகட்டி பெருமளவு தடுத்துவிடுவதால், இணையத்தில் காணும் செந்நிறப் படங்களை இதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

இடைவெளி விட்டுத் தானாகப் படம் எடுக்கும் வசதி கமராவுக்குள் இல்லை. பொத்தானை அழுத்திப் பூட்டி வைக்கக்கூடிய கம்பித் தொலைவிசை ஒன்றை வாங்கித் தொடர்படம் எடுக்கும் நிலையில் விட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். மெல்லிய முக்காலி கச்சான் காற்றில் ஆடும்; நடுவே மண் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிடுவேன். உப்பு ஈரம் கண்ணாடியில் படிவதால் அரை மணிக்கொரு தடவை ரோச் அடித்துப் பார்த்தே தொடர வேண்டும்.

இருட்டைத் தேடி அம்பாறைப் பக்க வயல்வெளிகளுக்குப் போக நினைப்பவர்கள் யானையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கமரா அதற்கு உதவாது.

கையில் 1300டி ஏற்கெனவே இருப்பவர் அதை மாற்ற வேண்டியதில்லை, வில்லையை மட்டும் வாங்கினால் போதும். இனித்தான் பழைய கமரா தேடப்போகிறவர், 2013இல் வந்த 700டி அதே விலையையொட்டிக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்கட்டும். படத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு இராது, அதுவும் 18 மெகாபிக்சல்தான். ஆனால் அதன் திரை வெளியே மடிந்து திரும்பும், பாய் தேவைப்படாது.