கடைசி ஆளாக உட்கார வைக்காத பல் கிளினிக்

எனக்குப் 11 வருடமாக ஹெபடைடிஸ் பி, ரத்தம் வழியாகப் பரவக்கூடிய கல்லீரல் வைரஸ் தொற்று. முன்பு ஒரு கிளினிக்கில் அதைச் சொன்னதும், "ராத்திரி கடைசியா வாங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். மதுரையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்கில் அப்படி எதுவும் இல்லை. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) எவ்வளவு, ரத்தம் உறைவதில் தொந்தரவு உண்டா என்று மட்டும் டாக்டரம்மா கேட்டார். கருவி உறையை என் கண் முன்னால்தான் கிழித்தார். ஓரத்துப் பட்டை நிறம் மாறியிருந்தால் ஆட்டோகிளேவ், அதாவது நீராவியில் கிருமி கொல்லும் இயந்திரத்தின் சூட்டில் போய்வந்தது என்று அர்த்தமாம்.

பல்லைப் பிடுங்கிய பிறகு, வாயில் பஞ்சோடு என் பழைய சந்தேகத்தைக் கேட்டேன். நான் குடித்த டம்ளரில் மனைவி குடிக்கலாமா?

"தாராளமா. எச்சில்ல வைரஸ் கொஞ்சம் இருக்கும், ஆனா டம்ளர், தட்டு, வியர்வை வழியா ஒட்டாது. ரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவம், இதுலதான் கவனம். ரேஸர், பிரஷ் தனியா வைங்க."

காய்ந்த ரத்தத்தில்கூட வைரஸ் 7 நாள் தாங்குமாம். ரேஸரை அன்றைக்கே அலமாரியில் பூட்டினேன். மனைவிக்கு 3 தடுப்பூசியும் போட்டாச்சு என்றேன். ஊசி பலித்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) 10-க்கு மேல் வந்ததா என்று அதையும் விசாரித்தார்.

குறை? காத்திருக்கும் இடத்தில் ஒரே ஃபேன், அதுவும் ரிசப்ஷன் பக்கம் பார்த்து.