நகரும் சுவர் எதில் தொங்குகிறது என்று கேட்காமல் பணம் கொடுத்தோம்

கோவை சரவணம்பட்டியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பம்ப், மோட்டார் செய்யும் ஆலைகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது தொழில். மொத்தம் 22 பேர். சில நாள்கள் அனைவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். வேறு சில நாள்களில் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு ஆலைகளிலிருந்து ஒரே நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள், ஒருவருடைய பேச்சு மற்றவர் காதில் விழக்கூடாது. எனவே ஆறு மீட்டர் அகலமுள்ள கூடத்தைத் தேவைப்படும்போது இரண்டாக்கும் நகரும் சுவரும், சக்கரம் வைத்த மேசைகளும் அமைத்துத் தரும்படி, இன்டீரியர் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் 11,40,000 ரூபாய்க்கு வேலையைக் கொடுத்தோம். இதே எண்ணத்தில் இருப்பவர்கள் எங்களைப் போல ஏமாறக்கூடாது என்பதற்காக, நடந்ததை எழுதுகிறேன்.

அவர் நன்றாகப் பேசினார். 1968-இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கிய இரண்டாவது 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்ற அலுவலகத் தடுப்பு, மேசை அமைப்பு, ஊழியர்கள் தங்கள் இடத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்வதற்காகவே பிறந்தது என்றும், இடத்தை மிச்சப்படுத்த நினைத்த முதலாளிகள்தான் அதைப் பெட்டி பெட்டியான அறைகளாக்கிவிட்டார்கள் என்றும் விளக்கினார். அதில் பொய்யில்லை. இவ்வளவு தெரிந்தவர் கூரையைப் பற்றியும் தெரிந்து வைத்திருப்பார் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

கொட்டேஷனில் ஐந்து பலகங்கள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். இருபுறமும் 12 மி.மீ. பிளைவுட், நடுவில் ஒலியைத் தடுக்க ராக்வூல், கீழ் விளிம்பில் கைப்பிடியைத் திருப்பினால் இறங்கித் தரையை அழுத்தும் ரப்பர் அடைப்பு என்று எழுதியிருந்தார். அவருடைய கடையில் பார்த்த மாதிரிப் பலகமும் அப்படியே கனமாக இருந்தது. வேலை தொடங்கும்போது பாதித் தொகை, பொருள் வந்து இறங்கியதும் 40 சதவீதம், முடிந்த பிறகு மீதி என்பது பேச்சு. பலகங்கள் வந்த அன்றே, மேலே மைக்கா ஒட்டிப் பளபளவென்று இருந்ததைப் பார்த்து, இரண்டாவது தவணையையும் அனுப்பிவிட்டேன். ஆக 10,26,000 ரூபாய் கையை விட்டுப் போயிற்று.

முதல் கோளாறு ஒலி. சுவரை மூடிய பிறகும், அந்தப் பக்கம் விலை பேசுவது இந்தப் பக்கம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. ஒப்பந்ததாரரை அழைத்துச் சொன்னால், "ஏனுங்க சார், சுவர் நகருதுங்கல்ல? நீங்க கேட்டது அதுதானுங்களே!" என்றார். பிறகு ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால், கீழே பிடிப்பு எதுவும் இல்லாத பலகங்கள் ஊஞ்சலைப் போல ஆடின. ரப்பர் அடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிரஷ் பட்டை ஒட்டப்பட்டிருந்தது.

ஆடி முடிவதற்குள் மூன்றாவது பலகம் தரையில் உரசி டைல்ஸைக் கீறத் தொடங்கியது. மேலே பார்த்தால், பலகங்களை ஒதுக்கி நிறுத்தும் மூலையில், அவை தொங்கி நகரும் தண்டவாளமான டிராக் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைக் கழற்றி, ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்ட எங்கள் இளைஞர் ஒருவர் கீழே இறங்கிச் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. டிராக் கான்கிரீட் தளத்தில் எங்குமே பொருத்தப்படவில்லை; ஜிப்சம் பலகையைத் தாங்குவதற்கான மெல்லிய தகரச் சட்டத்தின்மேல் ஒரு பிளைவுட் பட்டையை வைத்து, அதில் திருகி, அங்கங்கே கம்பியால் கட்டியிருந்தார்கள். சீலிங்குக்கு மேலே முக்கால் மீட்டர் இடைவெளி தடுப்பே இல்லாமல் திறந்து கிடந்தது. கீழே எவ்வளவு நல்ல சுவரை நிறுத்தினாலும் பேச்சு அந்த வழியாக ஏறி மறுபக்கம் இறங்கிவிடும்.

ஒரு பலகத்தைக் கழற்றிப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையின் தராசில் வைத்தோம். 46 கிலோ. எழுதிக் கொடுத்தபடி செய்திருந்தால் 75 கிலோவுக்குக் குறையாது. உள்ளே ராக்வூல் இல்லை; பிளைவுட்டுக்குப் பதில் 6 மி.மீ. எம்.டி.எஃப். எனப்படும், மர நாரை அழுத்திச் செய்த பலகை. ஐந்தையும் ஒதுக்கி நிறுத்தும்போது 230 கிலோவும் அரை மீட்டர் நீளத்தில் வந்து குவிகிறது. சொன்ன எடையில் செய்திருந்தால் கூரை எங்கள் தலையில் இறங்கியிருக்கும் என்பதால், இந்த ஒரு திருட்டுக்கு மட்டும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாள் முழுவதும் பாரக் கணக்குப் போட்டுப் பிழைக்கும் 22 பேரில் ஒருவருக்குக்கூட, நானும் சேர்த்துத்தான், இந்தக் கணக்கைப் போடத் தோன்றவில்லை.

மேசைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் இல்லாத சக்கரங்கள். சாய்ந்து எழுதினால் மேசை நகர்ந்துவிடும்.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், டிராக் எந்த உத்தரத்தில் அல்லது தளத்தில், கான்கிரீட்டில் பதிக்கும் ஆங்கர் போல்ட் எத்தனையில் பொருத்தப்படும் என்பதைக் காட்டும் வரைபடத்தைக் கையொப்பத்துடன் வாங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கை மூடுவதற்கு முன்னால் தாங்களே ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். மாதிரிப் பலகத்தின் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, வந்து இறங்கும் பலகத்தையும் எடை போட்ட பிறகே இரண்டாவது தவணையைப் பற்றிப் பேச வேண்டும்.

பில் இன்னொரு பாடம். எங்களிடம் இருப்பது ஜி.எஸ்.டி. எண் இல்லாத, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட காகிதம் மட்டுமே. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைத்தபோது, 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோராகக் கருதப்படமாட்டார் என்றும், சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு உள்ள விலக்கு எங்களைப் போன்ற நிறுவனத்துக்குப் பொருந்துவது கடினம் என்றும் வழக்கறிஞர் சொன்னார். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், அவசர நிவாரணம் எதுவும் கேட்காவிட்டால், வழக்குக்கு முன் சமரசத்துக்கு முயன்றாக வேண்டும். அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தோம்.

இதற்கிடையில் வேறொருவரை வைத்து, கான்கிரீட் தளத்திலிருந்து இரும்புச் சட்டம் இறக்கி, மேல் இடைவெளியையும் அடைத்ததில் 2,30,000 ரூபாய் செலவாயிற்று. சமரசப் பேச்சுக்கு ஒப்பந்ததாரர் வரவில்லை. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது: மீதி 1,14,000 ரூபாயை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டிருந்தார்.