பாலிஸ்டைரீன் நானோகோளப் பெட்டி: சரக்கு சரி, குறிப்புத் தாள்தான் சரியில்லை

மயிலிறகை மாவாக அரைத்தால் பச்சையும் நீலமும் போய், பழுப்புத் தூள்தான் மிஞ்சும். அந்த நிறங்கள் சாயத்தால் வருவதில்லை; மெலனின் என்ற கருநிறமியின் நுண்குச்சிகள் வரிசையாக அடுக்கியிருப்பதால் வருகின்றன. இந்தப் பெட்டி அதே வித்தையைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுண்கோளங்களால் செய்து பார்க்க உதவுகிறது. உள்ளே 190, 220, 260 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள கோளங்களோடு மூன்று குப்பிகள். ஒவ்வொன்றிலும் 15 மில்லிலிட்டர், 10 சதவீத நீர்க்கலவை. பார்க்க மூன்றும் ஒரே பால்.

பெட்டியோடு வரும் குறிப்புத் தாளில் சொன்னபடி 10 சதவீதக் கலவையை நேரே கண்ணாடி ஸ்லைடில் ஊற்றி, சூடான தட்டில் காயவைத்தால் கிடைப்பது வெண்மை பாய்ந்த, சேறு வெடித்ததுபோலப் பிளந்த படலம். கோளங்கள் ஒழுங்காக இடம்பிடிக்க நேரம் வேண்டும். நீர் சட்டென்று போனால் கிடைத்த இடத்தில் நின்றுவிடும். தடிமன் கூடினால் காயும்போது வரும் சுருக்கம் விரிசலாகிறது.

சரியான வழி: அயனி நீக்கிய நீர் சேர்த்து 2 சதவீதமாக நீர்க்கச் செய்யுங்கள். குழாய் நீர் கூடாது; அதிலுள்ள உப்புகள் கோளங்களைத் தள்ளிவைக்கும் மின்னூட்டத்தை மறைத்துவிட, எல்லாம் கட்டிக்கொள்ளும். ஸ்லைடை டிடர்ஜென்டில் தேய்த்துக் கழுவி, ஐசோபுரொப்பனாலில் அலசுங்கள். நீர் முத்தாகத் திரளாமல் பரவினால்தான் ஸ்லைடு தயார். 2 செ.மீ. சதுரத்துக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, பெட்ரி தட்டில் மூடியை லேசாகத் திறந்துவைத்து, அறை வெப்பத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். தட்டு சமமான மேசையில் இருக்கட்டும். சாய்ந்தால் படலம் ஒரு பக்கம் தடித்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு படலத்துக்கு 2 மில்லிகிராம் கோளம், சுமார் 6 மைக்ரோமீட்டர் தடிமன், 220 நானோமீட்டர் கோளம் என்றால் ஏறக்குறைய 35 அடுக்கு. ஒரு குப்பியில் 700 படலங்களுக்கு மேல் வரும். காசுக்கு மோசமில்லை.

220தான் பெட்டியின் நட்சத்திரம். நேராகப் பார்த்தால் 525 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை; 45 டிகிரி சாய்த்தால் 460 பக்கம் இறங்கி நீலமாகும். 190 கொடுப்பது ஊதா கலந்த நீலம். 260 கணக்குப்படி 620, அதாவது செம்மஞ்சள். ஆனால் அடுக்கு கொஞ்சம் குலைந்தாலும் கோளங்கள் சிதறடிக்கும் நீல ஒளி அதோடு கலந்து, நிறம் வெளிறிவிடுகிறது. சிவப்புக்காகவே வாங்குபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால் எந்தக் குப்பியும் சோபிக்காது. படலத்தைத் தாண்டிச் செல்லும் ஒளியைத் தாள் திருப்பி அனுப்பிவிடும். ஸ்லைடின் பின்புறம் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மயிலிறகில் மெலனின் செய்வதும் இதுவே. கலவையிலேயே கார்பன் கறுப்பு என்ற நுண்கரித் தூள் சேர்க்கலாம். கோளங்களின் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் மங்கும். பெட்டியில் கறுப்பு ஸ்லைடு நாலு வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

காய்ந்த பச்சைப் படலத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் இடைவெளிகள் நிரம்பி, நிறம் ஏறக்குறைய மறைந்து, காய்ந்ததும் திரும்பும். அசிட்டோன் மட்டும் வேண்டாம், கோளங்கள் உருக்குலைந்துவிடும். சூடும் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. 100ஐ ஒட்டிக் கோளங்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டினால் இடையிலுள்ள காற்று போய், நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சுதான் மிஞ்சும்.

கோளங்களின் விட்டம் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறும் என்று லேபிளில் போடாதது பெரிய குறை. 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அடுக்கு ஒழுங்காக நிற்கும். வாங்குமுன் எழுதிக் கேளுங்கள். குப்பிகளை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். எடுக்கும்போது குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுங்கள். வழியில் உறைந்து உருகிய குப்பி திரிந்த பால்போலத் துணுக்குகளோடு இருக்கும், அதை எவ்வளவு உருட்டினாலும் பிரியாது. பார்சலைப் பிரித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணுக்கு தெரிந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.